ஈசிஜி நார்மல், ஆனால் வயலுக்கு நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது

கடிதத்தின் சுருக்கம்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 45 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய வீட்டுக்காரருக்கு 52 வயது. வாய்க்கால் பாசனத்தில் நெல், கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் என்று விவசாயம். மூன்று மாதமாக, காலைச் சாப்பாடு முடித்து வயலுக்கு நடந்தால் நடுநெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. வலி இடது தாடைவரை ஏறுகிறது. வரப்பில் இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. நிற்கும்போது ஏப்பம் வருவதால், "வாயுதான், வேறொண்ணுமில்ல" என்கிறார். உள்ளூரில் எடுத்த ஈசிஜி நார்மல். ஆனாலும் அங்கிருந்த மருத்துவர் விடாமல் ஈரோட்டுக்கு டிரெட்மில் பரிசோதனைக்கு அனுப்பினார். ஆறாவது நிமிடத்தில் அதே இறுக்கம் வர, நிறுத்திவிட்டார்கள். ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. ஆஞ்சியோகிராம் (இதயத்தின் ரத்தக்குழாய்களில் சாயம் விட்டு எடுக்கும் படம்) எடுக்கச் சொல்லி, நான்கு மாத்திரைகளும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு பீரோவில் இருக்கிறது, மாத்திரை வாங்கவில்லை.

அவருக்கு எட்டு வருடமாக ரத்த அழுத்தம். அளவு சரியாக வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கம். மூன்று வருடமாகச் சர்க்கரை. கடைசிப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 156/98, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 152. பீடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, புகையிலை அடக்குவதை விடவில்லை. கொழுப்புக்கான மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து அதையும் நிறுத்தினார். அவருடைய அப்பா 53 வயதில், வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்து இறந்தவர்.

ஆஞ்சியோவுக்கு அவர் மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் பங்காளி ஒருவர் "சும்மா பார்க்கத்தான்" என்று போன இடத்தில் இரண்டு ஸ்டென்ட் (சுருங்கிய குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை) வைத்து, பெரிய பில்லோடு திரும்பினார். அதனால் இப்போது மருதம்பட்டைக் கஷாயமும் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு கலந்த லேகியமும் நடக்கிறது. "வாய்க்காலைத் தூர் வார்ற மாதிரி அடைப்பைக் கரைச்சிரும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டுதலும் இருக்கிறது.

சகோதரியின் கேள்விகள்: ஈசிஜி நார்மல் என்றால் ஆஞ்சியோ எதற்கு? கஷாயத்தில் அடைப்பு கரையுமா? ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா? பழனிக்கு நடக்கலாமா?

தன்னைப் பற்றி இரண்டே இடத்தில் எழுதியிருக்கிறார். "எனக்கு ஊசின்னாலே பயம். ஏழாவது படிக்கறப்ப மூட்டெல்லாம் வீங்கி, மாசாமாசம் இடுப்புல ஊசி போட்டாங்க, கல்யாணத்தோட விட்டாச்சு" என்று ஓரிடத்தில். கடைசி வரியில், "எனக்கும் ரெண்டு வருசமா மூச்சு வாங்குது, ரத்தம் கம்மின்னாங்க, அது கெடக்குது."

பதில்

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவருக்கு நான்கு பக்கம், இன்னொருவருக்கு இரண்டு வரி. இருவரைப் பற்றியும் பேச வேண்டும். நீங்கள் கேட்ட வரிசையிலேயே, முதலில் அவர்.

உங்களை ஈரோட்டுக்கு அனுப்பிய உள்ளூர் மருத்துவர் நல்ல காரியம் செய்திருக்கிறார். நார்மல் ஈசிஜியைக் கையில் வைத்துக்கொண்டும் நோயாளி சொன்னதை நம்பினார். நீங்கள் எழுதியிருக்கும் வலி இதயத்திலிருந்து வரும் வலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேரில் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்வது என் வழக்கமல்ல. ஆனால் நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, தாடைக்கு ஏறுகிறது, டிரெட்மில்லிலும் அதே வலி வந்து ஈசிஜி மாறியிருக்கிறது. இதற்குமேல் இதயம் என்ன சொல்ல வேண்டும்?

சாப்பிட்ட பின் வருவதாலும் ஏப்பத்தோடு போவதாலும் வாயு என்று நினைப்பது இயல்புதான். 1772ல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த வலியை முதன்முதலாக விரிவாக எழுதினார். நடக்கும்போது வரும், மேடேறினால் அதிகம், சாப்பிட்ட உடன் நடந்தால் இன்னும் அதிகம், நின்றுவிட்டால் மறையும் என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். 250 வருடம் கழித்து உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் அதேதான். சாப்பிட்டதும் வயிற்றுக்குக் கூடுதல் ரத்தம் போக வேண்டும். அந்த நேரத்தில் நடந்தால் இதயத்துக்கு இரட்டை வேலை. வரப்பில் நின்றதும் வேலை குறைகிறது, வலி போகிறது. ஏப்பம் அதே நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான். அவருக்கு ஒரு கேள்வி வையுங்கள்: கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வாயு ஏன் வருவதில்லை?

ஈசிஜி ஏன் நார்மலாக இருந்தது?

இதயம் ஒரு கைப்பிடி அளவுள்ள தசை. உடம்பைச் சுற்றி வந்த ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் பிராணவாயு ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர்; நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு. மண்வெட்டி பிடித்து வேலை செய்தால் அந்த 5 லிட்டர் 10, 15 என்று ஏறும்.

இவ்வளவு ரத்தம் உள்ளே வந்து போனாலும் இதயத் தசை அதிலிருந்து நேரடியாகத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. மகாதமனி தொடங்கும் இடத்தில் கிளம்பும் இரண்டு கரோனரி ரத்தக்குழாய்கள்தான் அதற்குத் தீனி கொண்டுபோகின்றன. கை, கால் தசைகள் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்தில் வரும் பிராணவாயுவில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். வேலை கூடினால் மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. ஓய்விலேயே ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் அதற்கு இருக்கும் ஒரே வழி, அதிக ரத்தம் வரவழைப்பது.

இப்போது ஒரு குழாயின் உள்விட்டம் 70 சதவீதம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் மனிதருக்கு மீதியுள்ள வழியே போதும். ஈசிஜி எடுப்பது படுக்க வைத்துத்தான். அதில் பதிவாவது ஏறக்குறைய 10 விநாடி. அந்த 10 விநாடியில் இதயத்துக்கு எந்தக் குறையும் இல்லாததால் கோடுகள் சரியாக இருந்தன. வயலுக்கு நடக்கும்போது தேவை கூடுகிறது, குழாய் வழிவிடவில்லை, தசை பிராணவாயு கிடைக்காமல் தவிக்கிறது. அந்தத் தவிப்புதான் வலி. ஓய்வில் எடுத்த நல்ல ஈசிஜி, மாரடைப்பு இப்போது நடந்துகொண்டிருக்கவில்லை என்பதற்கு ஓரளவு ஆதாரம். அடைப்பு இல்லை என்பதற்கு ஆதாரமே அல்ல. உழைக்கும்போது இதயம் என்ன சொல்கிறது என்பதைத்தான் டிரெட்மில்லில் கேட்டார்கள். அது பதில் சொல்லிவிட்டது.

காட்டு வேலை செய்கிறவனுக்கு இதய நோய் வராது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. உழைப்பு நல்ல பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, 53 வயதில் போன அப்பா என்று ஐந்தும் ஒருவரிடம் சேர்ந்தால் அதை உழைப்பு மட்டும் தாங்கிப் பிடிக்காது. அப்பாவோ கூடப்பிறந்தவரோ ஆணாக இருந்து 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால், அதைத் தனி ஆபத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவனுக்கும் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

அடைப்பு என்பது தூர் அல்ல

வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோலக் குழாய்க்குள் கொழுப்பு படிந்திருக்கும், எதையாவது குடித்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற எண்ணம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. உண்மை வேறு. கொழுப்பு சேர்வது குழாயின் சுவருக்குள். உள்பக்க மெல்லிய தோலுக்கு அடியில் கொழுப்பும், அதைத் தின்ன வந்து அங்கேயே தங்கிவிட்ட ரத்த அணுக்களும், சுண்ணாம்பும், நார்த்திசுவுமாக வருடக்கணக்கில் தடித்துப்போகிறது. ரத்தம் ஓடும் பாதையில் அது உதிரியாகக் கிடப்பதில்லை. பூண்டுச் சாறு போய் அதைக் கழுவ வழியில்லை.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு பெரும்பாலும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி முழுதும் மூடுவதால் வருவதில்லை. அந்தத் தடிப்பின் மேல்தோல் ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. 40 சதவீத அடைப்பும் வெடிக்கலாம். நேற்றுவரை மேடேறிப் போய்வந்த மனிதர் இன்று காலை திடீரென்று விழுவது இதனால்தான். அதனால் சிகிச்சைக்கு இரண்டு வேலை இருக்கிறது. சுருங்கிய இடத்தில் ரத்தம் போகச் செய்வது ஒன்று. எல்லா இடத்துத் தடிப்புகளும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஸ்டென்ட் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவதைச் செய்வது நீங்கள் பீரோவில் வைத்திருக்கும் சீட்டு.

அந்தச் சீட்டில் உள்ள அட்டோர்வாஸ்டாடின் கொழுப்பைக் குறைப்பதோடு தடிப்பின் மேல்தோலை உறுதியாக்குகிறது. நல்ல அளவில் தொடர்ந்து எடுத்தால் தடிப்பு ஓரளவு சுருங்குவதும் உண்டு. கல்லீரலைப் பெரிதாகப் பாதிப்பது மிக அபூர்வம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், நிறுத்தினால் சரியாகும். சிலருக்குத் தசைவலி வரும். அளவையோ மருந்தையோ மாற்றலாம். அவருடைய எல்டிஎல் 152. கரோனரி நோய் உள்ளவருக்கு அது 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

மருதம்பட்டை நம் மருத்துவ மரபில் இதயத்துக்கு என்று காலகாலமாகச் சொல்லப்படுவது. சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அது அடைப்பைக் கரைத்ததாகவோ மாரடைப்பைத் தடுத்ததாகவோ நிரூபணம் இல்லை. கஷாயம் குடித்தே ஆவேன் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். மாத்திரைக்குப் பதிலாகக் கூடவே கூடாது. அறுவை சிகிச்சை இல்லாமல் டிரிப் ஏற்றியே அடைப்பைக் கரைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு நிலத்தை அடகு வைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கதைதான். அளவு சரியாக வந்தது மாத்திரையால். நிறுத்தினால் திரும்ப ஏறும். அளவு இறங்கிவிட்டது என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நோய் போய்விட்டதற்கு அல்ல. இவருக்கு 130/80க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மருந்துச் செலவுதான் தடை என்றால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆஞ்சியோ வேறு, ஸ்டென்ட் வேறு

உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை நான் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கப் போனவர் பில்லோடு வந்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஆஞ்சியோகிராம் ஒரு பரிசோதனை. பெரும்பாலும் மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கரோனரி குழாய்களில் சாயம் விட்டுப் படம் எடுப்பார்கள். மரத்துப்போக ஒரு ஊசி போட்டால் போதும், மயக்கம் கொடுப்பதில்லை. பக்கவாதம், மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல்கள் ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரலாம். சர்க்கரை இருப்பதால் முன்னதாக கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்றால் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஊசி போட்டு எடுக்கும் சிடி ஆஞ்சியோ என்றும் ஒன்று உண்டு. சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்லது. டிரெட்மில்லில் ஆறு நிமிடத்தில் மாட்டிக்கொண்ட இவருக்கு நேராக ஆஞ்சியோவே சரி என்பது என் கருத்து.

படம் எடுத்த பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன. மருந்து மட்டும், ஸ்டென்ட், அல்லது பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு ரத்தக்குழாயை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை. இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகும் முதன்மைக் குழாயிலேயே பெரிய அடைப்பு இருந்தாலோ, சர்க்கரை உள்ளவருக்கு மூன்று குழாய்களிலும் (இடது கரோனரி குழாய் இரண்டாகப் பிரிவதால் வலதோடு சேர்த்து மூன்று) அடைப்பு இருந்தாலோ பைபாஸ் ஆயுளைக் கூட்டும். அப்படி இல்லாமல், நிலையாக இருக்கும் நெஞ்சுவலியில் ஸ்டென்ட் வைத்தவர்களையும் நல்ல மருந்தில் மட்டும் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2007லும் 2020லும் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. மரணத்திலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலி குறைவதில் ஸ்டென்ட்டுக்கு நன்மை இருந்தது. ஆகவே "ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. எங்கே அடைப்பு, எவ்வளவு, மருந்தில் வலி அடங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பதில். படம் இல்லாமல் அந்தப் பதிலை யாரும் சொல்ல முடியாது. ஆபத்தான இடத்தில் அடைப்பு இருந்து, அதைப் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் என் பயம்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அப்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், உடனே வைக்க வேண்டும்.

ஆஞ்சியோவுக்குப் போகும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை:

- படம் மட்டும் எடுக்கத்தான் சம்மதம், ஸ்டென்ட் என்றால் வெளியே வந்து எங்களிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லலாம். அவசர நிலை இல்லாதபோது அது உங்கள் உரிமை.
- படத்தின் சிடியையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. அடைப்பு ஆபத்தான இடத்தில் இல்லை என்றால் அதற்கு நேரமும் இருக்கும்.
- ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. பில்லில் ஸ்டென்ட் விலையும் அதன் கம்பெனி விவரமும் தனியாக இருக்க வேண்டும்.
- ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஸ்டென்ட், பைபாஸ், வால்வு சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. கார்டு இல்லையென்றால் வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆஞ்சியோ வசதி இருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் பல மாதம் சேர்ந்தே போகும். மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்றாலும் முதலில் கேளுங்கள்.

சாப்பாடு, புகையிலை, பழனி

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நிறையப் பயந்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவையில்லை. அரிசிம்பருப்பு செய்யுங்கள், மேலே ஊற்றும் நெய்யைக் குறையுங்கள். கொள்ளு, ராகி, கீரை எல்லாம் நல்லது. கடலை எண்ணெய் இருக்கட்டும். மொத்தத்தில் அளவு குறைய வேண்டும். தேங்காய் எண்ணெய் மரச்செக்கில் ஆட்டியது என்பதால் அதிலுள்ள நிறைகொழுப்பு குறைந்துவிடாது. நாட்டுச்சர்க்கரை போட்ட டீயும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உப்பு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நோம்பிக்கு ஒரு கச்சாயம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. புகையிலையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடக்கும் ஒவ்வொரு முறையும் நிகோட்டின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. முழுதாக நிறுத்த வேண்டும்.

பழனி நடைபயணம் இந்த வருடம் வேண்டாம். இப்போது அவருக்கு வீட்டிலிருந்து வயல்வரை நடப்பதற்கே இதயம் அனுமதி தரவில்லை. நாள்கணக்கில் நடந்து, தூக்கம் கெட்டு, கடைசியில் மலைப்படி ஏறுவதென்றால் அது தெரிந்தே ஆபத்தில் இறங்குவது. பஸ்ஸில் போய் ரோப்காரில் ஏறிச் சாமி கும்பிட்டு வருவதற்கும்கூட மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வேண்டுதலை ஒரு வருடம் தள்ளிவைக்கலாம். நல்ல சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவர் மறுபடி டிரெட்மில் பார்த்து அனுமதித்து, அடுத்தடுத்த வருடங்களில் நடந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

வலி நிற்கவில்லை என்றால்

ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ, இரவில் எழுப்பினாலோ நிலைமை மாறிவிட்டது என்று அர்த்தம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி வந்தால் உட்கார வைத்து, நாக்குக்கு அடியில் வைப்பதற்கென்றே மருத்துவர் கொடுத்த மாத்திரை இருந்தால் அதை வையுங்கள். நிற்கும்போது வைத்தால் தலைசுற்றி விழலாம். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் இதை வைக்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். வெட்கப்படாமல் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். சோடா, வாயு மாத்திரை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

ரத்தம் போகாத இதயத் தசை அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். அதைத் திரும்ப வளர்க்க எந்த மருந்தும் இல்லை. பெரிய மருத்துவமனை தூரம் என்றால், 2023ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி மந்தமாகவும் இருக்கலாம். காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், ஆளே துவண்டுபோனால் அதையும் மாரடைப்பாகவே நினைத்துக் கிளம்புங்கள்.

இனி உங்களைப் பற்றி

"அது கெடக்குது" என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பள்ளி வயதில் தொண்டைப்புண் வந்து, சில வாரம் கழித்து மூட்டுகள் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் அடிப்பது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பு, தவறிப்போய் சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்குவதால் வருவது. மூட்டு முழுதாகச் சரியாகிவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு சரியாகாது. உங்கள் இடுப்பில் போட்டது பென்சிலின் ஊசியாகத்தான் இருந்திருக்கும். மறுபடி தொண்டைப்புண் வந்து தழும்பு கூடாமல் இருக்கத்தான் அதை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்கு 40 வயதுவரைகூடத் தொடர வேண்டியிருக்கும். கல்யாணத்தோடு நிறுத்தியது உங்கள் குற்றமல்ல. ஏன் போடுகிறார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சந்தேகப்படுவது மைட்ரல் வால்வுச் சுருக்கம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள அந்த வால்வின் திறப்பு சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். தழும்பில் ஒட்டிப்போய் 1.5க்குக் கீழே வந்தால் மேலறையில் ரத்தம் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, மூச்சு வாங்கும். இங்கும் வேலை செய்யும்போதுதான் தொல்லை தெரியும். வேகமாகத் துடிக்கும் இதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே உள்ள நேரம் சுருங்குகிறது. சின்னத் திறப்பு வழியாக ரத்தம் இறங்க அவகாசம் போதவில்லை. உட்கார்ந்தால் சரியாகிவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பெண்கள் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. ரத்தசோகையும் இருக்கலாம். அதற்கும் மருந்து எடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

சில கேள்விகளுக்கு நீங்களே பதில் யோசித்து வையுங்கள். கர்ப்பமாக இருந்தபோது மூச்சு முட்டியதா? அப்போது ரத்தத்தின் அளவே 40, 50 சதவீதம் கூடும் என்பதால் மறைந்திருந்த வால்வு நோய் அந்தச் சமயத்தில் தலைகாட்டும். இரவில் படுத்தால் மூச்சு அடைத்து எழுந்து உட்காருகிறீர்களா? சளியில் ரத்தம் வந்ததுண்டா? நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கிறதா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மேலறை ஒழுங்கில்லாமல் துடித்தால் அங்கே ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அப்படி இருந்தால் ரத்தம் உறையாமைக்கு மருந்து வேண்டும். மைட்ரல் சுருக்கத்தில் அதற்கு வார்ஃபரின் வகை மாத்திரைதான் சரி, புதிய மாத்திரைகள் இதற்கு ஏற்றவை அல்ல.

உங்களுக்குத் தேவையான பரிசோதனை எக்கோ. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் போலத்தான், ஊசியே கிடையாது. சுருக்கம் அதிகம் என்று தெரிந்தாலும் பலருக்கு நெஞ்சைத் திறக்காமலே தொடை வழியாக பலூன் செலுத்தி வால்வை விரித்துவிடலாம். 1984ல் இனோவே என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் வெளியிட்ட முறை அது. வால்வு கனமாகச் சுண்ணாம்பு ஏறியோ கசிந்தோ இருந்தால் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஊசியை மறுபடி தொடங்குவதா என்பதை எக்கோ பார்த்த பிறகு இதய மருத்துவர் முடிவு செய்வார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பீரோவில் இருக்கும் சீட்டுக்கு இன்றே மாத்திரை வாங்கி அவரைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோ முடியும் வரை கனமான வேலையும் சாப்பிட்ட உடன் நடப்பதும் வேண்டாம். மஞ்சள் வெட்டு இருந்தால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் இருவரும் சேர்ந்தே போய், அதே இதயப் பிரிவில் உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டுப் போடுங்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கியதையும் ஊசி போட்டதையும் மருத்துவர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லுங்கள். பழைய பிரசவச் சீட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். எக்கோ அறிக்கையில் மைட்ரல் வால்வின் பரப்பளவு என்று ஒரு எண் போட்டிருக்கும். அதையும் அவருடைய ஆஞ்சியோ அறிக்கையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.